முப்பத்தாறில் மூன்று

காரைக்குடியில் நாற்பத்தைந்து வருடம் வக்கீல் தொழில் பார்த்த என் சீனியரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. பிறந்தார், படித்தார், பதிவு செய்தார் என்று எழுதப் போனால் அது இரங்கல் செய்தி மாதிரி ஆகிவிடுகிறது. மனிதர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார், காலையில் சட்னியில் உப்பு கூடிவிட்டது என்று சண்டை போடுகிற அளவுக்கு. அதனால் ஒரே ஒரு வழக்கை எடுத்து முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அவர் எப்படிப்பட்டவர் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. 2014ல் போட்டு 2022ல் முடிந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கு. கட்சிக்காரர்கள் யாரென்று தெரியாமலிருக்க ஊரையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். பங்குக் கணக்கை மட்டும் தொடவில்லை, வழக்கே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் ஒரு கிராமம். முன்தெருவில் முகப்பு ஆரம்பித்து, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிக் கொல்லைக் கதவு பின்தெருவில் திறக்கும் வீடு. பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த ஒரு செட்டியார் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, பிற்பாடு போட்ட ஆத்தங்குடிக் கல், எல்லாம் உண்டு. வெளியூரிலிருந்து செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிறவர்கள் தூணைப் பார்ப்பார்கள், வழக்குப் பார்க்கிற நாங்கள் அறைகளை எண்ணுவோம். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. 'வேறு வைத்தல்' என்று சடங்காகவே தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். மனைவி கொண்டுவந்த சீர்ச் சாமான் அந்த அறைக்குள் இருக்கும், பூட்டின் சாவி அவரவர் கையில். ஒரே கூரை, ஒரே சாமி, தனித்தனிச் சாவி. இந்தப் பக்கத்துப் பாகப்பிரிவினை வழக்கு ஏன் இவ்வளவு சிக்கலாகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பணம் வந்த வழி அடைபட்டதும் கதைக்கு முக்கியம். 1930களின் பிற்பகுதியில் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்வாசி, கடனுக்கு ஈடாக வந்து வந்து, செட்டியார்கள் கையில் சேர்ந்திருந்தது. 1942ல் ஜப்பான்காரன் வந்ததும் ஆட்கள் கால்நடையாகக்கூடத் திரும்பினார்கள். 1948ல் பர்மா அரசு நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. வயல் போயிற்று, வீடு நின்றது. பத்துப் பேர் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை வெள்ளையடிக்கக்கூட ஒருத்தர் சம்பாத்தியம் போதவில்லை, பிள்ளைகள் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் பழைய கதவு, தூண், எனாமல் பாத்திரம், ரவிவர்மா படம். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டில் பங்காளிகள் ஒத்துப்போய்விட்டார்கள் என்பதற்கோ, ஒத்துப்போகவே இல்லை என்பதற்கோ சாட்சி.

சரி, பங்குக்கு வருவோம். வீட்டைக் கட்டியவர் 1938ல் இறந்தார், மூன்று மகன்கள், ஆளுக்கு மூன்றில் ஒன்று. மூத்தவர் 1951ல் மனைவிக்குப் பின் காலமானார், அவர் பங்கு ஒரே மகனுக்கு வந்தது. அந்த மகன் 1998ல் போனார், அவருடைய மனைவி 2009ல். அவர்களுக்கு ஒரு பெண், ஒரு பையன். பெண் மூத்தவர், 1986ல் கல்யாணமாகிக் கோவைக்குப் போனவர். அவரை ஆச்சி என்றே சொல்கிறேன், தம்பியும் அப்படித்தான் கூப்பிடுவார். தம்பிக்குக் காரைக்குடியில் ஒரு சின்னக் கடை, அவர்தான் எங்கள் கட்சிக்காரர். இரண்டாவது கிளையில் மூன்று சகோதரர்கள், ஆளுக்கு ஒன்பதில் ஒன்று. மூன்றாவது கிளையில் ஐந்து பேர் சேர்ந்து மூன்றில் ஒன்று. அந்த ஐந்து பேருக்கும் வீடு வேண்டாம், பணம் வேண்டும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, பத்து வருடமாக வீட்டுக்குள் கால் வைக்காத ஆளுக்கு ஒழுகுகிற கூரையில் என்ன பாசம் இருக்கும்?

2013ல் இரண்டாம் கிளையில் ஒருவர் தன் ஒன்பதில் ஒன்றைப் பிரிபடாத பங்காகவே வெளியாள் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் பழைய வீடு வாங்கி இறக்கி மரத்தை விற்கிறவர். அடுத்த வருடமே சப் கோர்ட்டில் பிராது போட்டார்: என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள், பிரிக்க முடியாவிட்டால் வீட்டை விற்றுப் பணமாகக் கொடுங்கள். குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளை நேராக உள்ளே வந்து உட்கார விடாது, சொத்து மாற்றச் சட்டம் 44ஆம் பிரிவு. அவன் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்தில் பங்கு உள்ள ஒருவர் 'நானே அந்தப் பங்கை வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லலாம், கோர்ட் விலை வைத்துக் கொடுக்கும். இது 1893ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவு. நாங்கள் அந்த மனுவைப் போட்டோம். கட்சிக்காரரிடம் வாங்கப் பணம் இல்லை என்பது சீனியருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்கும்.

4ஆம் பிரிவு ஓட வேண்டுமானால் அது பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீடாக இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு இரண்டு அடி அடித்தது. ஒன்று, அங்கே யாரும் குடியில்லை, பூட்டிய வீடு. இரண்டு, 1930களிலேயே அண்ணன் தம்பி மூவரும் வழக்காடி வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பழைய வழக்கைத் தேடி நான் அலைந்தது தனிக் கதை. இந்தப் பக்கத்தில் பழைய கேஸ் கட்டு கிடைக்காவிட்டால் வயசான குமாஸ்தாக்கள் 'நாப்பத்திரெண்டுல எரிஞ்சு போச்சு' என்பார்கள். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் தேவகோட்டை கோர்ட்டுக்கு ஜனங்கள் தீ வைத்தது நிஜம்தான். ஆனால் அந்தத் தீயில் எரிந்ததாகச் சொல்லப்படும் கட்டுகளையெல்லாம் அடுக்கினால் நாலு கோர்ட் கட்டிடம் வேண்டும்.

சீனியர் கோர்ட் ரெக்கார்டைத் தேடவே இல்லை. படைப்புக் கணக்கு நோட்டு எங்கே என்று கேட்டார். பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும்போது புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போட்டு எழுதி வைக்கும் நோட்டு. 1940களிலிருந்து எல்லாக் கிளையும் இந்த ஒரே வீட்டில் சேர்ந்து படைத்ததற்கும், ஓடு மாற்றின செலவைப் பொதுவில் போட்டதற்கும் பக்கம் பக்கமாகக் கணக்கு. அதோடு மூன்று கிளையின் கல்யாணப் பத்திரிகைகள், எல்லாவற்றிலும் இதே வீட்டு விலாசம். பிள்ளையார் நோன்பு அன்று வளவில் எல்லாரும் இழை எடுத்துக்கொள்ளும் போட்டோ ஒன்று, அதில் மூன்றாவது கிளையின் ஐந்து பேரில் மூன்று பேர் தெளிவாகத் தெரிகிறார்கள். குறுக்கு விசாரணையில் அந்தப் போட்டோவைக் காட்டி, 'இது யாரு வீட்டு வளவு?' என்று மட்டும் கேட்டார். 'எங்க வீடு' என்றார் சாட்சி. சீனியர் உட்கார்ந்துவிட்டார். நானாக இருந்தால் இன்னும் பத்துக் கேள்வி கேட்டுக் கெடுத்திருப்பேன்.

அவருக்கு இந்த நோட்டு ஞாபகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவர் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. சின்ன வயதில் அப்பாவோடு உட்கார்ந்து அந்தப் பழைய கையெழுத்தைப் படிக்கப் பழகியவர். சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்துவிட்டு 1978ல் பதிவு செய்தார். அங்கேயே ஒரு பெரிய ஆபீஸில் இடம் கிடைத்தும், அப்பா படுத்துவிட்டதால் ஊர் திரும்பினார். அப்போது இது ராமநாதபுரம் மாவட்டம், ஆனால் மாவட்ட அலுவலகங்கள் மதுரையில். சிவகங்கை தனி மாவட்டமானது 1985ல்தான். ஹைகோர்ட் அப்பீல் என்றால் 2004 ஜூலை 24ல் மதுரைக் கிளை திறக்கும்வரை சென்னைக்கு இரவு ரயில். ரயிலேறுகிற அன்றும்கூட மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். கடைசி ஆறு வருடம் அந்த அம்மாவுக்கு மகன் யாரென்றே தெரியவில்லை, 'வக்கீல் தம்பி, என் கேஸ் என்னாச்சு?' என்று கேட்பார்களாம். அவரும் 'அடுத்த வாய்தாவுல முடிஞ்சிரும் ஆத்தா' என்பார். ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை அவர் கிடைக்கமாட்டார் என்பது காரைக்குடி பாரில், அதாவது வக்கீல்கள் வட்டத்தில், எல்லாருக்கும் தெரியும்.

குறை சொல்லாமல் எழுதினால் நம்பமாட்டீர்கள். ஃபீஸ் கேட்கத் தெரியாது, நோட்டில் எழுதி வைப்பார், வசூல் குமாஸ்தாவின் பாடு. கம்ப்யூட்டர் பக்கம் வரமாட்டார். ஒருமுறை அப்பீல் கெடுவைத் தவறவிட்டு, தாமத மன்னிப்பு மனுவுக்கு எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்டினார், சொந்தக் காசில். ஊர்க்காரர்கள் காலை ஆறரைக்கே திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். முதியோர் பென்ஷன் மனு, எல்லைக்கல் தகராறு, மகன் சோறு போடவில்லை என்று ஒரு அப்பத்தா. இதெல்லாம் முடிந்து அவர் கேஸ் கட்டைத் திறக்கும்போது ஒன்பதரை ஆகிவிடும், ஜூனியர்கள் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். கொப்புடையம்மன் தேரோட்டத்தன்று எவ்வளவு பெரிய வழக்கானாலும் வாய்தாதான்.

வழக்கில் 2017 இறுதியில் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்வது அது, பிரித்துக் கொடுப்பது பிறகு வரும் இறுதித் தீர்ப்பாணை. வீடு பிரிபடாத குடியிருப்பு வீடு, 4ஆம் பிரிவு பொருந்தும் என்று சொல்லிவிட்டு, பங்குகளையும் கோர்ட் நிர்ணயித்தது. இங்கேதான் ஆச்சி வருகிறார். அவர் பிரதிவாதிகளில் ஒருவர், ஆனால் கோர்ட்டுக்கு வரவே இல்லை, அவர் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக வழக்கு நடந்தது. அவர் பங்கு எவ்வளவு? தமிழ்நாடு 1989ல் பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு கொடுத்தது, ஆனால் அந்த வருடம் மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. ஆச்சிக்கு மூன்று வருடத்தில் தவறியது. 2005 செப்டம்பர் 9ல் மத்தியச் சட்டம் கல்யாணக் கணக்கையே எடுத்துவிட்டது, ஆனால் அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது. இவர் அப்பா 1998லேயே போய்விட்டார். ஆகவே பழைய கணக்கு: அப்பாவும் மகனும் பாதிப் பாதி, அப்பாவின் பாதி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமமாக, பிறகு அம்மாவின் பங்கு இருவருக்கும். கிளையின் பங்கில் ஆச்சிக்குக் கால், தம்பிக்கு முக்கால். மொத்த வீட்டில் பன்னிரண்டில் ஒன்று, நாலில் ஒன்று.

எங்கள் குமாஸ்தா எந்தப் பங்கையும் அணாவில் போட்டுப் பார்க்கிற பழக்கமுள்ளவர். முழு வீடு பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. மூன்றில் ஒன்று ஐந்து அணா நாலு பை, பன்னிரண்டில் ஒன்று ஒரு அணா நாலு பை, அழகாக வந்தது. ஒன்பதில் ஒன்று அணாவில் அடங்கவில்லை. எரிச்சலாகி மொத்த வீட்டை முப்பத்தாறாக வைத்துக்கொண்டு கேஸ் கட்டின் பின்னட்டையில் எழுதினார்: வெளியாள் 4, மூன்றாம் கிளை 12, ஆக விற்கச் சொல்பவர்கள் 16. தம்பி 9, இரண்டாம் கிளையில் மிச்சமுள்ள இருவர் 8, ஆக வீட்டை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் 17. ஆச்சி 3.

அந்த மூன்றைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வீட்டைப் பிரிக்க முடியாது, விற்பதே மேல் என்று கோர்ட் உத்தரவிட வேண்டுமானால், பாதி அல்லது அதற்கு மேல் பங்கு உள்ளவர்கள் கேட்க வேண்டும், 2ஆம் பிரிவு. பாதி என்றால் 18. ஆச்சி அந்தப் பக்கம் போனால் 19, வீடு ஏலத்துக்கு. 3ஆம் பிரிவில் விற்கக் கேட்பவர்களின் பங்கை மற்றவர்கள் விலை கொடுத்து வாங்கலாம், ஆனால் முப்பத்தாறில் பத்தொன்பதை வாங்க எங்கள் பக்கம் யாரிடம் பணம் இருக்கிறது? கோர்ட் படியே ஏறாத ஒரு பெண்மணியின் கையில் வீடு இருந்தது. அவருக்கு அது தெரியாது.

ஏன் தெரியாது என்பது 2019ல்தான் எங்களுக்குத் தெரிந்தது. கோர்ட் நியமித்த கமிஷனர் இன்ஜினியரோடு வந்து வீட்டை அளந்தார். குறுக்கே சுவர் வைத்தால் வளவு செத்துவிடும், வசதியாகப் பிரிக்க வழியில்லை என்று அறிக்கை கொடுத்தார். விலையில் பெரிய சண்டை. இன்ஜினியர் கட்டிடப் பரப்புக்கு அரசு விகிதம் போட்டு வயதுக்குத் தேய்மானம் கழித்தார். நூறு வருட வீட்டுக்கு அப்படிக் கழித்தால் மனையின் விலைதான் மிஞ்சும். வாங்கியவர் ஒரு தூணுக்கு எவ்வளவு, ஒரு நிலைக்கதவுக்கு எவ்வளவு என்று தனிப் பட்டியல் கொடுத்தார். நிற்கிற தூணுக்கும் விழுந்த தூணுக்கும் வித்தியாசம் உண்டு என்று சீனியர் வாதாடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், எதிர்த்தரப்பு ஆட்கள் கோவைக்குப் போய் ஆச்சியைப் பார்த்துவிட்டு வந்த செய்தி கிடைத்தது. அவர்களுக்கு விலாசம் எப்படித் தெரிந்தது? 2014ல் ஆச்சிக்குப் போன சம்மன் பழைய விலாசத்துக்குப் போய், ஆள் இல்லை என்று திரும்பி, பேப்பரில் விளம்பரம் கொடுத்து முடித்திருந்தார்கள். சரியான விலாசம் எங்கள் கட்சிக்காரருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். வாயைத் திறக்கவில்லை.

சீனியர் அன்று கத்தியதை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. 'அஞ்சு வருசமா என்னைய உங்க அக்காவுக்குத் தெரியாம அவங்க வீட்டைப் பத்திப் பேச வச்சிருக்கீரு.' தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு மெதுவாக வந்தது விஷயம். அம்மா 2009ல் போனபின் அம்மாவின் அறையை அவர் திறந்து, பித்தளை, எனாமல் சாமானையெல்லாம் ஒரு பழைய சாமான் கடையில் போட்டுக் கடைக்கடனை அடைத்திருக்கிறார். ஆச்சியிடம் சொல்லவில்லை. சொல்லாததால் பேச முடியவில்லை, பேசாமல் இருந்ததால் சொல்ல முடியவில்லை. பத்து வருடம்.

எங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆச்சி அவர்களுக்கும் கையெழுத்துப் போடவில்லை. யோசிக்கிறேன் என்று அனுப்பிவிட்டார். 2020 மார்ச்சில் கோர்ட்டைப் பூட்டினார்கள். ஆகஸ்ட் 11ல் உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் வினீதா சர்மா வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள்: மகளுக்கு உரிமை பிறப்பிலேயே வருகிறது, 2005ல் அப்பா உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே இல்லை, முதல்நிலைத் தீர்ப்பாணை வந்திருந்தாலும் இறுதித் தீர்ப்பாணைக்குள் பங்கைத் திருத்தலாம். அப்பா, மகன், மகள் என்று மூன்றாகப் பிரித்து, அப்பா பங்கையும் பிறகு அம்மா பங்கையும் பகிர்ந்தால், அக்காவும் தம்பியும் சரிபாதி. முப்பத்தாறில் ஆச்சிக்கு 3 என்பது 6 ஆனது. எங்கள் கட்சிக்காரருக்கு 9 என்பது 6 ஆனது.

தீர்ப்பைப் படித்த அன்று மாலையே தம்பியை வரச் சொல்லி, மாஸ்க்கோடு திண்ணையில் ஆறடி தள்ளி உட்கார வைத்துச் சொன்னார்: ஆச்சி பங்கு இரட்டித்துவிட்டது, அவர் கேட்பதற்கு முன்னால் நீரே கோர்ட்டில் ஒப்புக்கொள்ளும். எனக்கு இது சரியாகப் படவில்லை, இன்றுவரை முழுசாகப் படவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் நம் கட்சிக்காரர், நமக்கு ஃபீஸ் தருபவர் (தந்தால்). எதிராளி கேட்காத பங்கை நாம் ஏன் எடுத்து நீட்ட வேண்டும்? அன்று இரவு அவரிடமே கேட்டேன். 'இப்ப வந்த தீர்ப்பை ஜட்ஜ்கிட்ட மறைக்கச் சொல்றியா?' என்றார். மறைக்கச் சொல்லவில்லை, அவசரப்படாமல் இருக்கலாமே என்றேன். 'அவசரப்படலை. அவர் சம்மதிக்காம ஒரு வரி எழுத மாட்டேன். சம்மதிக்கிற வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருப்பேன்.' மூன்று மாதம் பேசினார். சில நாள் சட்டம் பேசினார், சில நாள் கடை வியாபாரம் பேசினார், சில நாள் ஒன்றுமே பேசாமல் இரண்டு பேரும் காபி குடித்துவிட்டு எழுந்தார்கள். கார்த்திகை தாண்டித்தான் ஒப்புக்கொள்ளும் மெமோவில் கையெழுத்து விழுந்தது.

பாரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். கிழவர் கெட்டிக்காரர், ஆறு பங்கை ஆச்சிக்குக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றிவிட்டார் என்று சிலர். கட்சிக்காரனை விற்றுவிட்டார் என்று சிலர். பின்னட்டைக் கணக்கை நான் நீட்டியபோது அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும், அதை அவர் வீட்டம்மாதான் சொன்னார்கள். காரைக்குடி செக்காலையில் அவர் அப்பா விட்டுப்போன பூர்விக வீடு ஒன்று இருந்தது. 1991ல், 1989 சட்டப்படி தன் இரண்டு தங்கைகளுக்கும் பூர்விகப் பங்கு வராது, இருவருக்கும் முன்பே கல்யாணமாகிவிட்டது என்று தெரிந்தும், வீட்டை மூன்றாக எழுதிப் பதிவு செய்திருக்கிறார். 'இன்னிக்கு அந்த இடம் என்ன விலை போகுது தெரியுமா?' என்று அந்த வீட்டம்மா என்னிடம் கேட்டபோது சீனியர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

2021 தை மாதம் ஆச்சி வந்தார். ஆபீஸுக்கு வேண்டாம் என்று சீனியர் வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார், வழக்கில் இருந்த அந்த வீட்டுக்கு. அறுபது வயதைத் தாண்டியவர், நேராக வளவில் நடந்துபோய் அம்மாவின் அறை வாசலில் நின்று, திரும்பி, கைப்பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்தார். அம்மாவின் கல்யாணத்துச் சாமான் பட்டியல். படித்தார். வெள்ளி இத்தனை, பித்தளைக் குடம் இத்தனை, அண்டா, எனாமல் அடுக்கு, தூக்குவாளி. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தித் தம்பியைப் பார்ப்பார், தம்பி இல்லை என்று தலையாட்டுவார். கால் மணி நேரம் இருக்கும். அழுவார், கட்டிக்கொள்வார்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று முட்டாள்தனமாக எதிர்பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

ஆச்சி தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு, 'வக்கீலய்யா, என் பங்கு எவ்வளவு?' என்றார். ஆறில் ஒன்று என்றார் சீனியர். 'வெளியாள் வாங்குனது?' ஒன்பதில் ஒன்று. 'அதை நான் வாங்கலாமா?' சீனியருக்கே ஒரு நொடி பேச்சு வரவில்லை. குடும்பத்தில் பங்குள்ளவர் யாரும் வாங்கலாம், மகளும் குடும்பம்தான் ஆச்சி, என்றார். தம்பி 'ஆச்சி, நான்...' என்று ஆரம்பித்தார். 'நீ சும்மா இரு தம்பி. பங்கை முதல்ல பார்ப்போம்.'

அப்புறம் நடந்தது முழுக்க அலைச்சல், சுருக்கிச் சொல்கிறேன். ஆச்சி பெயரில் 4ஆம் பிரிவு மனு. விலைக்கு மறுபடி இழுபறி. கமிஷனர் சொன்னதற்கும் மரக்காரர் சொன்னதற்கும் நடுவில், கொஞ்சம் மரக்காரர் பக்கமாகவே ஒரு தொகையில் நின்றது. மூன்றாம் கிளைக்குப் பின்தெருவைப் பார்த்த கொல்லை மனை, மீதிக்கு ரொக்கம், இரண்டு தவணை. பங்குக்காரர்களில் சிங்கப்பூரில் இருப்பவர் பவர் எழுதி அங்கே இந்திய ஹைகமிஷனில் சான்று வாங்கி அனுப்பினார். இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அந்தக் கெடுவை இரண்டு நாள் மிச்சத்தில் பிடித்தோம், இந்தமுறை நான் போனில் அலாரம் வைத்திருந்தேன். 2022ல் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பதிவானது. அங்கே ஆகும் உத்தரவு தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பும். எட்டு வருட வழக்கு இருபது நிமிடத்தில் முடிந்தது, அதில் பாதி நேரம் பேனா தேடியது.

முடிவை எல்லாரும் நல்லதென்று சொல்லவில்லை. 2019லேயே விற்றிருந்தால் மூன்றாம் கிளையின் ஐந்து பேருக்கும் ஒரே தவணையில் முழுப் பணமும் கிடைத்திருக்கும். அதில் ஒருவர் சிகிச்சைச் செலவுக்குக் கடன் வாங்கிக்கொண்டு காத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் காத்திருப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு. 2014லேயே விலாசத்தை நாங்கள் தோண்டிக் கேட்டிருந்தால் பாதி வருடங்கள் மிஞ்சியிருக்கும். கட்சிக்காரர் சொல்கிற குடும்ப மரத்தை அப்படியே எழுதிக்கொள்ளாதே, அதில் யார் யாரோடு பேசுவதில்லை என்று கேள் என்று இப்போது என் ஜூனியர்களிடம் சொல்கிறேன். சீனியரின் ஃபீஸ் நோட்டில் அந்த வழக்குக்கு எதிரே இன்னும் ஒரு பாக்கி நிற்கிறது.

ஆச்சிதான் இப்போது அந்த வீட்டில் பெரிய பங்குக்காரர், வெளியாள் பங்கை வாங்கிய கையோடு கூரையையும் பிரித்து மேய்ந்தார். முகப்புச் சாவி கோவையில் இருக்கிறது. போன வருடம் படைப்புக்கு நாலு நாள் முன்னால் தம்பி சீனியருக்குப் போன் போட்டார், நான் பக்கத்தில் இருந்தேன். வீட்டை வெள்ளையடிக்கணும், ஆச்சி சாவி அனுப்பமாட்டேங்குறாங்க, நேரா வந்து வாங்கிக்கன்னு சொல்றாங்க, இதுக்கு ஏதும் மனு போட வழி இருக்கா வக்கீலய்யா?

'இருக்கு செட்டியாரே,' என்றார் சீனியர். 'சாயங்காலம் கோயம்புத்தூருக்கு பஸ் இருக்கு.'